பெயர் அறியாப் பழம்



சென்ற ஆண்டு ஒரு நாள் காலை, பள்ளி மணி அடிப்பதற்குச் சற்று முன்னர், இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி என் அறை வாயிலில் வந்து நின்றாள். மூடியிருந்த கையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கையில் இரண்டு சிறு பழங்கள் இருந்தன. ஒன்று சிவப்பு, மற்றொன்று பொன்னிறம். "ஐயா, இவற்றைத் தின்னலாமா?" என்று கேட்டாள்.

நான் உடனே விடை கூறவில்லை. "இவை காய்த்த இடத்தை எனக்குக் காட்டம்மா" என்று கூறி அவளுடன் நடந்தேன். சிவப்புப் பழம் திடலோரத்தில் நிற்கும் செரிமரத்தினின்று உதிர்ந்தது. பொன்னிறப் பழமோ, வேலியை ஒட்டி அழகுக்காக நடப்பெற்ற துராந்தாச் செடியில் கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நீல மலரும் பொன்மணி போன்ற பழமும் கொண்ட அச்செடியை நம் வட்டாரத்து வீட்டுத் தோட்டங்களிலும் பூங்காக்களிலும் காணலாம். முதற்பழத்தை உண்ணலாம். இரண்டாவது, வாந்தியையும் காய்ச்சலையும் மயக்கத்தையும் உண்டாக்கும் நஞ்சு. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுடையவை.

அக்குழந்தையை வகுப்பார் முன்னிலையில் பாராட்டினேன். தின்பதற்கு முன் கேட்டாள் அல்லவா! அவள் வயதை ஒட்டிய பருவத்தில் நான் கேட்கவில்லை. அதனைச் சொல்லிவிட்டுப் பாடத்திற்குச் செல்வதே முறை.

ஆண்டு 1979. எனக்கு அப்போது ஒன்பது வயது. உலு லங்காட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் எங்கள் லயம் இருந்தது. விடியுமுன்னரே அப்பாவும் அம்மாவும் பால்வெட்டுக்குப் போய்விடுவார்கள். பள்ளி விடுமுறை நாள்களில் லயத்துச் சிறுவர்களுக்குக் காவல் என்பது வெயிலும் நிழலுமே. லயத்தின் பின்புறம் காட்டாமணக்கு வேலி. மலாய்க்காரர்கள் இதனை ஜாராக் பாகார் என்பர். மாடு கடிக்காது என்பதனால் வேலிக்கு ஏற்ற செடி. அதன் காய் பழுத்து மஞ்சளாகி, பின்னர்க் கறுத்து உலரும். உடைத்தால் மூன்று கருநிற விதைகள். அவற்றின் தோலை உரித்தால் வெள்ளைப் பருப்பு.

நாங்கள் நால்வர். யார் முதலில் கடித்தது என்பது நினைவில் இல்லை. சுவை மட்டும் இன்றும் நாவில் நிற்கிறது: பச்சை நிலக்கடலையைப் போல இருந்தது. நான் மூன்று தின்றேன். என் நண்பன் ஒருவன் பத்துக்குக் குறையாமல் தின்றிருப்பான். ஒரு மணி நேரம் கழிந்திருக்கும். தொண்டை எரிந்தது, வயிற்றை முறுக்கியது, வாந்தி நிற்கவில்லை. வேலைக்காட்டிலிருந்து ஓடி வந்த அம்மாவிடம் நான் சொன்னது என்ன தெரியுமா? "பழைய சோறு ஒத்துக்கொள்ளவில்லை" என்பது. மற்ற மூவரும் தத்தம் வீடுகளில் அதையே சொன்னார்கள். அவ்வாறு சொல்வதென்று நாங்கள் முன்னரே பேசி வைத்திருந்தோம். வேலி மண்டோர் வீட்டு வேலி, பிரம்புக்கு அஞ்சினோம்.

தோட்டத்து டிரசர் ஐயா கெட்டுப்போன சோற்றுக்கு உரிய மருந்தைக் கொடுத்தார். எங்கள் வாய்ச்சொல்லைத் தவிர அவருக்கு வேறு சான்று இல்லை. மாலையில் என் நண்பனுக்குக் கண்கள் குழிவிழுந்து, அழைத்தால் விடை வராத நிலை உண்டானது. அப்போதுதான் அவனுடைய ஐந்து வயதுத் தங்கை, "அண்ணன் வேலிக்கொட்டையைத் தின்றான்" என்று சொன்னாள். தோட்டத்து வண்டியில் நால்வரையும் கோலாலம்பூர்ப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். மூவர் மறுநாள் திரும்பினோம். அவன் மட்டும் நரம்பில் நீர் ஏற்றப்பட்டு மூன்று நாள் கிடந்தான். அச்சிறுமி வாய் திறந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஆசிரியனாகிய பின்னர் நான் பலமுறை எண்ணியதுண்டு.

எங்களுக்கு நேர்ந்தது அரிய நிகழ்ச்சியன்று. இந்தியாவிலும் இலங்கையிலும் சிறுவர்கள் கூட்டமாகக் காட்டாமணக்கு விதையைத் தின்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட செய்திகள் மருத்துவ இதழ்களில் பலமுறை பதிவாகியுள்ளன. டீசலுக்கு மாற்றாக அதன் எண்ணெயைப் பயன்படுத்தும் நோக்கத்துடன், 2003-ஆம் ஆண்டையொட்டி இந்தியாவில் அச்செடி பெருமளவில் நடப்பெற்றது. ஊர்ப்புறங்களில் அது மேலும் பரவுவதற்கு அதுவும் ஒரு காரணமாயிற்று.

நாவை நம்பலாமா?

நாங்கள் நால்வரும் ஏமாந்தது நாவினால். "நஞ்சு கசக்கும், இனித்தால் நல்லது" என்பது மக்களிடையே வேரூன்றிய நம்பிக்கை. கசப்பான பல பொருள்களில் நஞ்சு உண்டு என்பது உண்மையே. ஆயினும் காட்டாமணக்கு கடலையைப் போல் சுவைக்கிறது. பாகற்காய் கசக்கிறது, அதனை நாம் கறி சமைத்து உண்கிறோம். நாக்கு காட்டும் குறி ஒரு பக்கத்திற்கு மட்டுமே உதவும்: கசந்தால் துப்பிவிடலாம், கசக்கவில்லை என்பதனால் விழுங்கிவிடலாகாது.

"பறவை தின்றால் நாமும் தின்னலாம்" என்பது இரண்டாவது நம்பிக்கை. படித்தவர்களும் இதனைக் கூறக் கேட்டிருக்கிறேன். இதன் பிழையை உங்கள் வீட்டு அடுப்பங்கரையிலேயே காணலாம். சிலி பாடி எனப்படும் ஊசிமிளகாயை நாம் ஒன்று கடித்தால் கண்ணீர் பெருகுகிறது. பறவைகளோ அதனைக் கொத்திக் கொத்தி விழுங்குகின்றன. மிளகாயின் காரத்தை உணரும் அமைப்பு நம் நாவில் உண்டு. பறவைக்கு அக்காரம் உறைப்பதே இல்லை. மேலும், பறவைக்குப் பல் இல்லை. பழத்தை அப்படியே விழுங்கிச் சதையைச் செரித்து, விதையை உடையாமல் எச்சத்தில் வெளியேற்றிவிடும். விதையைப் பரப்பும் வேலைக்கு அச்செடி தரும் கூலியே பழத்தின் சதை. விதையில் உள்ள நஞ்சு, அதனைக் கடித்து அரைப்பவனுக்காக வைக்கப்பட்டது. நாமோ கடித்து அரைப்பவர்கள். "எட்டி பழுத்தென்ன" என்று நம் முன்னோர் வெறுத்த எட்டிக்கனியின் சதையைத் தமிழகத்துக் காடுகளில் இருவாய்ச்சிப் பறவைகள் தின்கின்றன. அதன் விதையிலோ கொடிய நஞ்சு இருக்கிறது.

குரங்கைக் காட்டி வாதிடுவோரும் உண்டு. கோலா சிலாங்கூரில் நீங்கள் கண்டிருக்கும் லோத்தோங் குரங்கின் இரைப்பை, மாட்டின் இரைப்பையைப் போலப் பல அறைகள் உடையது. நமக்குத் தீங்கு செய்யும் இலைகளையும் காய்களையும் அது அங்கே புளிக்க வைத்துச் செரிக்க வல்லது. நம் இரைப்பை ஓர் அறை வீடு.

நிறத்தைக் கொண்டு தீர்மானிக்கும் விதிகளையும் சிலர் நூல்களில் படித்துச் சொல்வர். வெண்ணிறம் தீது, கருநீலம் நன்று என்பது அவற்றுள் ஒன்று. குளிர்நாட்டுச் செடிகளைக் கண்டு சொல்லப்பட்ட விதி அது. அங்கேயே அது முற்றும் பொருந்தாது. ஐரோப்பாவில் மிகக் கொடியதெனப் பெயர் பெற்ற பெல்லடோனாச் செடியின் பழம் பளபளக்கும் கருநிறமே. நம் நாட்டில் சிவப்பு நிறத்தில் செரியும் உண்டு, குன்றிமணியும் உண்டு, வீட்டு வரவேற்பறைத் தொட்டியில் வளரும் அக்லோனிமாச் செடியின் பழமும் உண்டு. இறுதியாகச் சொன்னதைக் கடித்தால் கண்ணுக்குத் தெரியாத ஊசிப் படிகங்கள் நாக்கிலும் தொண்டையிலும் தைத்து வீக்கத்தை உண்டாக்கும்.

பால் வடிந்தால் நஞ்சு என்பார்கள். பலாவில் பால் வடிகிறது; பப்பாளியில் வடிகிறது; சீக்குப்பழ மரத்திலும் வடிகிறது. பால்மரத்தையே வாழ்வாகக் கொண்ட நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஆயினும் பெயர் தெரியாத செடியில் பால் வடிந்தால் விலகி நிற்பது நல்லது. வெள்ளி நாணயத்தைப் போட்டுக் கொதிக்க வைத்து, கறுக்கிறதா என்று பார்ப்பது வெறும் கதை. அதனால் ஒன்றும் அறிய இயலாது.

இன்னும் ஒன்று உண்டு. போர்வீரர்களுக்கென எழுதப்பட்ட கையேடுகளில், தெரியாத காயை முதலில் தோலில் தேய்த்து, பிறகு உதட்டில் வைத்து, பிறகு சிறிது மென்று, ஒவ்வொரு படியிலும் காத்திருந்து பார்க்கும் முறை கூறப்பட்டுள்ளது. முழுமையாகச் செய்ய ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கும். பல நாள் காட்டில் வழிதவறி, உண்ணாவிடில் இறப்போம் என்ற நிலையில் உள்ள வீரனுக்காக எழுதப்பட்டது அது. மூன்று நிமிட நடையில் அம்மாவின் அடுப்பு இருக்கின்ற சிறுவனுக்கு அது எதற்கு?

ஆகவே, பழத்தைப் பார்த்தே நல்லதா தீயதா என்று கண்டறியும் பொது விதி எதுவும் இல்லை. அந்தச் செடி இன்னது என்று முழுமையாக அறிந்திருத்தல் ஒன்றே வழி. முழுமையாக என்றால், இலை, மலர், காய், பழம், விதை, நிற்கும் இடம் ஆகிய எல்லாவற்றையும் கொண்டு அறிதல். பழத்தை மட்டும் கையில் கொண்டு வந்தால் எவரும் திட்டமாகச் சொல்ல இயலாது. அன்று காலை நான் அம்மாணவியுடன் வேலி வரை நடந்ததற்குக் காரணம் இதுவே.

நாம் அறிந்த சில பழங்கள்

அச்சத்தை மட்டும் ஊட்டிவிட்டு நிறுத்துவது ஆசிரியனுக்கு அழகன்று. நம் வட்டாரத்தில் உண்ணத்தக்க பழங்களும் உண்டு.

சென்டுடுக் செடியை எடுத்துக்கொள்ளுங்கள். செராஸ் குன்றோரங்களிலும் வெட்டவெளிகளிலும் ஊதா மலருடன் ஆளுயரத்திற்கு வளரும். அதன் இலையை அறிந்துகொள்வது எளிது: காம்பினின்று நுனி வரை நெடுக ஓடும் சில நரம்புகள் தெளிவாகத் தெரியும், தடவினால் சொரசொரக்கும். பழம் முதிர்ந்தால் ஒழுங்கின்றி வெடித்து உள்ளே கருமை கலந்த ஊதாச் சதையைக் காட்டும். தின்றால் நாக்கும் பல்லும் கறுத்துவிடும். கிரேக்க மொழியில் 'கருவாய்' எனப் பொருள்படும் மெலஸ்தோமா என்பதே இதன் அறிவியல் பெயர். திருட்டுத்தனமாகத் தின்றுவிட்டு வகுப்பில் வாயை மூடி அமர்ந்திருக்கும் மாணவனைப் பிடிக்க எங்கள் காலத்து ஆசிரியருக்கு இச்செடி பெருந்துணை புரிந்தது.

செரிமரம் நம் நாட்டுக்கு உரியதன்று; அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்தது. இன்று சாக்கடையோரத்திலும் தானே முளைக்கிறது. சிவந்து மென்மையானதை உண்ணலாம்.

மணத்தக்காளியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதன் கீரையைச் சமைக்காத தமிழ்க் குடும்பம் இல்லை. நன்கு பழுத்துக் கறுத்த பழத்தைச் சிறுவர்கள் தின்பதும் வழக்கம். ஆனால் பச்சைக் காயில் சோலனின் என்னும் நஞ்சு மிகுந்திருக்கும். பழுக்கப் பழுக்கக் குறையும். "பச்சைக் காயில்தானே வற்றல் போடுகிறோம்?" என்று தாய்மார் கேட்கலாம். வற்றல், மோரில் ஊறி, வெயிலில் உலர்ந்து, எண்ணெயில் வறுபட்டு, குழம்பில் ஒரு சிறு கைப்பிடிக்கும் குறைவாகவே சேர்கிறது. சிறுவன் ஒருவன் பசுங்காயைப் பறித்துக் கைநிறைய அப்படியே வாயில் போடுவது வேறு. ஒரே செடி, ஒரே கிளை, ஒரு கொத்திலேயே உண்ணத்தக்கதும் தகாததும் அருகருகே இருக்கும்.

சிறுபூனைக்காலியும் இத்தகையதே. வலை போன்ற பச்சை நார்க்கூட்டினுள் காய் ஒளிந்திருக்கும் கொடி அது. ஒரு காலத்தில் பால்மரங்களுக்கிடையே மண்ணை மூடிக் காப்பதற்காக இதனைத் தோட்டங்களில் படரவிட்டதுண்டு. மஞ்சளாகப் பழுத்ததன் உட்சதை இனிக்கும். பச்சைக் காய் தீது. சொடக்குத் தக்காளிக்கும் இதே விதிதான். காகிதப்பை போன்ற உறையினுள் இருக்கும் அக்காயை நெற்றியில் அடித்து ஓசை எழுப்பாத சிறுவர் உண்டோ?

பெயரால் வரும் குழப்பம்

மலாய்மொழியில் லெதுப்-லெதுப் என்ற பெயர் சொடக்குத் தக்காளிக்கும் வழங்குகிறது; சிறுபூனைக்காலிக்கும் வழங்குகிறது. இரண்டும் உண்ணத்தக்கவையாதலால் இங்கே தீங்கு சிறிது. சாகா என்ற பெயரில்தான் பெருங்குழப்பம்.

பள்ளி வளாகங்களிலும் பூங்காக்களிலும் உயர்ந்து நிற்கும் சாகா மரத்தின் அடியில் முழுச்சிவப்பான, இதய வடிவுடைய விதைகள் சிதறிக் கிடக்கும். அவற்றைப் பொறுக்கிச் சோங்காக் விளையாடுகிறீர்கள். தமிழில் இதனை ஆனைக்குன்றிமணி என்பர். வேலியில் மெல்லிய கொடியாகப் படரும் மற்றொரு செடியும் மலாயில் சாகா என்றே அழைக்கப்படுகிறது. அதன் விதை சிறியது. சிவப்பில் ஒரு முனை மட்டும் கறுப்பு. அதுவே குன்றிமணி. பொற்கொல்லர் தராசில் எடைக்கு வைத்ததும், விநாயகர் சதுர்த்தியன்று களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாகப் பதிப்பதும் அதுவே.

குன்றிமணியின் ஓடு மிகக் கடினமானது. முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளிவந்துவிடும். மென்றாலோ, துளையிட்டு மாலை கோத்ததை வாயில் வைத்துச் சப்பினாலோ உள்ளிருக்கும் அப்ரின் என்னும் நஞ்சு வெளிப்படும். உலகிலுள்ள மிகக் கொடிய தாவர நஞ்சுகளில் அதுவும் ஒன்று. 2011-ஆம் ஆண்டின் இறுதியில், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலுள்ள ஈடன் புராஜெக்ட் என்னும் புகழ்பெற்ற தாவரப் பூங்கா, தன் கடையில் விற்ற கைமணிச் சரங்களைத் திரும்பக் கொண்டு வருமாறு வாங்கியவர்களை வேண்டிக்கொண்டது. சரத்தில் கோக்கப்பட்டிருந்தவை குன்றிமணிகள் என்பது பின்னரே தெரியவந்தது. செடிகளையே காட்சியாக வைத்திருக்கும் பூங்காவிலும் அவ்வாறு நேர்ந்தது.

ஆமணக்கு விதையும் குன்றிமணிக்கு இனமான நஞ்சை உடையது. விளக்கெண்ணெய் அதிலிருந்துதானே வருகிறது என்று எண்ண வேண்டா. எண்ணெய் எடுக்கும்போது அந்நஞ்சு பிண்ணாக்கில் தங்கிவிடுகிறது. சாலையோர நிழலுக்காக நகராட்சிகள் நட்டுள்ள பொங்-பொங் மரத்தின் காய், பசுமாங்காய் போலத் தோன்றும். அதன் பருப்பு நெஞ்சத் துடிப்பையே நிறுத்த வல்லது. கோவில் பூசைக்கு மலர் பறிக்கும் மஞ்சள் அரளியின் காயும் அத்தகையதே.

ரப்பர்க்கொட்டையை விட்டுவிடலாகாது. வெயிற்காலத்தில் காய் வெடிக்கும் ஓசையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஒரு கொட்டையோடு மற்றொன்றை வைத்து நசுக்கி, உடையாததை வெற்றி வீரனாகக் கொண்டாடும் விளையாட்டும் நமக்குத் தெரியும். அதன் பருப்பைப் பச்சையாகத் தின்றால் உடலில் சயனைடு நஞ்சு உண்டாகும். ஆயினும் பகாங் மாநிலத்து மலாய்க்காரர்கள் அதே பருப்பைப் பக்குவம் செய்து அசாம் ரோங் என்னும் குழம்புப் பொருளாக்கி மீன் சமைக்கிறார்கள். ஓராங் அஸ்லி மக்களும் வேகவைத்து நீரில் ஊறவைத்து உண்பதுண்டு. ஜப்பானியர் ஆட்சி நடந்த 1942 முதல் 1945 வரையிலான பஞ்சகாலத்தில் நம் பாட்டன் பாட்டியர் உயிர் தரித்தது மரவள்ளிக் கிழங்கினால். கசப்புக் கிழங்கிலும் இதே நஞ்சு உண்டு. தோலுரித்து, ஊறவைத்து, நீரை வடித்து, நன்கு வேகவைத்தால்தான் உண்ணலாம் என்ற அறிவு அவர்களிடம் இருந்தது.

அவ்வறிவு இப்போது எங்கே? செராஸ் ஒரு காலத்தில் ஈய லம்பங்களும் ரப்பர்த் தோட்டங்களுமாக இருந்த நிலம். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நம் மக்கள் லயங்களை விட்டு அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். செடிகள் பின்தொடர்ந்து வந்துவிட்டன. வாகன நிறுத்துமிடத்து வேலியிலும், பெர்மைசூரி ஏரிப் பூங்காவைச் சுற்றியும், புக்கிட் அப்பே ஏறும் பாதையிலும் அவை நிற்கின்றன. அவற்றின் பெயர்கள் மட்டும் பாட்டிமார்களுடன் லயத்திலேயே தங்கிவிட்டன. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களைப் பெயர் சொல்லி அடுக்கினார் என்று ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குச் சொன்னபோது, நம் பள்ளி வேலியில் எத்தனை செடிகளுக்குப் பெயர் தெரியும் என்று கேட்டேன். ஐந்தைத் தாண்டியவர் எவரும் இல்லை. உண்மையைச் சொன்னால், நானே பன்னிரண்டில் நின்றுவிட்டேன்.

நல்ல பழத்திலும் ஓர் இடர் உண்டு. தோட்ட வேலை செய்யும் பெற்றோர்கள் இதனைப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டும். நிரையோரங்களிலும் சாலையோரங்களிலும் மருந்தடிக்கிறார்கள். பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி நம் நாட்டில் 2002-ஆம் ஆண்டில் தடை அறிவிக்கப்பட்டு, 2006-ஆம் ஆண்டில் மீண்டும் அனுமதிக்கப்பட்டு, 2020 ஜனவரி முதல் நாளிலிருந்துதான் முற்றாக விலக்கப்பட்டது. வேறு களைக்கொல்லிகள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. மருந்தடித்த அன்று செடி பசுமையாகவே நிற்கும். வாடுவதற்குச் சில நாளாகும். ஆகவே எங்கே மருந்தடித்தார்கள் என்பதை வீட்டில் சொல்லி வையுங்கள்.

பெற்றோர்களுக்கு

பிள்ளை ஏதோ ஒன்றைத் தின்றுவிட்டான் என்று தெரிந்தால், வாயில் எஞ்சியிருப்பதைத் துப்பச் செய்து வாயைக் கொப்பளிக்க வையுங்கள். விரலை விட்டு வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். உப்புநீர், புளித்தண்ணீர், முட்டை என்று அண்டை வீட்டார் சொல்வதையெல்லாம் புகட்டாதீர்கள். வாந்தி மூச்சுக்குழாயில் புகுந்தால் அதுவே பெருங்கேடாகும். என்ன தின்றான், எத்தனை தின்றான், எந்த நேரத்தில் தின்றான் என்று கேட்டறியுங்கள். தின்ற செடியின் ஒரு கிளையை இலை, காய், பழத்துடன் ஒடித்து ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். கைப்பேசி இருந்தால் செடி நின்ற இடத்திலேயே படமெடுங்கள். மூச்சுத் திணறலோ வலிப்போ மயக்கமோ கண்டால் உடனே 999 எண்ணை அழையுங்கள்; இல்லையெனினும் மருத்துவரிடம் செல்லத் தாமதிக்காதீர்கள். ஆமணக்கும் குன்றிமணியும் பல மணி நேரம் ஒரு குறியும் காட்டாமல் இருந்து பிறகு தாக்கக் கூடியவை. "நன்றாகத்தானே விளையாடுகிறான்" என்று இருந்துவிடலாகாது. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையம் தொலைபேசி வழியாக ஆலோசனை வழங்குகிறது. அதன் எண்ணைத் தேடி எழுதி இப்போதே சுவரில் ஒட்டி வையுங்கள்.

கைப்பேசியில் படம் எடுத்தால் செடியின் பெயரைச் சொல்லும் செயலிகள் இக்காலத்தில் உண்டு. பெயரை ஊகிக்க அவை உதவும்; உண்பதற்கு அவற்றைச் சான்றாகக் கொள்ளலாகாது. துராந்தாவின் பழத்தை மட்டும் படமெடுத்து மூன்று முறை முயன்றேன்; மூன்று வெவ்வேறு பெயர்கள் வந்தன.

எல்லாவற்றினும் முதன்மையானது, அந்த நேரத்தில் அடிக்காதீர்கள், அதட்டாதீர்கள். நாங்கள் நால்வரும் பொய் சொன்னது பிரம்புக்காகவே. அந்தப் பொய்யினால் ஒரு பகல் முழுவதும் வீணாயிற்று. இப்பள்ளியில் எந்தப் பிள்ளையும், எந்தச் செடியை எவர் வீட்டு வேலியிலிருந்து பறித்துத் தின்றிருந்தாலும், என்னிடம் வந்து சொன்னால் தண்டனை கிடையாது என்று சபைகூடலில் அறிவித்திருக்கிறேன். வீட்டிலும் அவ்வாறே அறிவிக்குமாறு வேண்டுகிறேன்.

இவ்வாண்டு பள்ளி நூலகத்தின் ஒரு மூலையில், மூடி ஒட்டப்பட்ட கண்ணாடிப் புட்டிகளில் எட்டு வகை விதைகளையும் காய்களையும் வைத்து, அருகே இலையையும் உலர்த்தி ஒட்டிப் பெயர் எழுதி வைத்துள்ளோம். பெற்றோர் எந்நாளும் வந்து காணலாம். மாணவர்களுக்குரிய பயிற்சி இது: வீட்டைச் சுற்றி நூறு அடிக்குள் காய்க்கும் செடிகளை வரைந்து, தாத்தா பாட்டியிடம் கேட்டுத் தமிழ்ப் பெயரையும் மலாய்ப் பெயரையும் எழுதி வாருங்கள். பெயர் கிடைக்காதவற்றைத் தனியே குறித்து வையுங்கள். அவற்றுக்குக் கேள்விக்குறி இட்டுக் கெப்போங்கிலுள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்திற்கு நாம் சுற்றுலா செல்லும்போது அங்குள்ளவர்களிடம் கேட்போம்.

புட்டிகளைக் காண முதலில் வந்தவர், நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனின் பாட்டி. நாற்பது ஆண்டுகள் பால்வெட்டியவர். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு புட்டியாகப் பார்த்து வந்தவர் ஐந்தாவதில் நின்றார். "வாத்தியாரையா, குன்றிமணி என்று எழுதியிருக்கிறீர்களே, கறுப்புக் கண் எங்கே? இது ஆனைக்குன்றிமணி" என்றார். பார்த்தேன், அவர் சொன்னதே சரி. சீட்டுகளை ஒட்டும்போது இரண்டு புட்டிகளுக்கும் பெயரை மாற்றி ஒட்டிவிட்டிருந்தேன். அன்று மாலையே அவற்றைத் திருத்தினோம். இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பிற்பகலில் அவர் நூலகத்திற்கு வருகிறார். என்னுடைய பன்னிரண்டு பெயர்கள் முப்பத்தொன்றாகியுள்ளன.